180 நாள் கணக்கும் ஆளில்லாக் கோப்புறைகளும்: கிளஸ்டர் மேற்பார்வைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மேற்பார்வைக் குழுவினருக்கு,

வணக்கம்.

சென்ற திங்கட்கிழமை மாலை நீங்கள் அனுப்பிய அறிவித்தலை 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வாசித்தேன். பம்பலப்பிட்டியில் வாசிக்கத் தொடங்கியவள், வெள்ளவத்தையில் இறங்க மறந்து, தெஹிவளையில் இறங்கித் திரும்பி நடந்தேன். அறிவித்தல் நீளமில்லை, மூன்று வரிதான். பொதுச் சேமிப்பகத்தில் 180 நாட்களாகப் பயன்படுத்தப்படாத கோப்புகள் அனைத்தும் இந்த மாத இறுதி நள்ளிரவில் தானாகவே அழிக்கப்படும். விதிவிலக்குக் கிடையாது. வேண்டியவற்றை அதற்கு முன் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள்.

இதை உங்களுக்கு மட்டும் மின்னஞ்சலில் எழுதியிருக்கலாம். ஆனால் பல சேர்வர்களை இணைத்து ஒன்றாக ஓட்டும் இந்தக் கணினிக் கிளஸ்டரைப் பயன்படுத்தும் மாணவர்களில் பலருக்குத் தங்கள் கோப்புகள் எங்கே, எப்படி இருக்கின்றன என்று ஒருநாளும் யாரும் சொல்லித்தந்ததில்லை. அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எல்லோர் முன்னிலையிலும் தமிழில் எழுதுகிறேன். சிங்களத்தில் எழுத ஒரு தோழி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இடம் உண்மையிலேயே இல்லை. மூன்று மாதங்களுக்கு முன்பு, நான்கு நாட்களாக ஓடிக்கொண்டிருந்த களனி கங்கை வெள்ளத்தைக் கணிக்கும் என் கணினி மாதிரியுரு ஒரு வியாழக்கிழமை இரவு செத்துப்போனது. நிரலில் பிழையில்லை. சேமிப்பகம் நிரம்பிவிட்டது, எழுத இடமில்லை, அவ்வளவுதான். அன்றிரவு என்னைப்போலப் பலரின் வேலைகள் ஒன்றாக நின்றன. மறுநாள் காலை கணினி அறைக்குப் பொறுப்பான அண்ணா தூங்காத கண்களோடு நின்றதையும் பார்த்தேன். அவரைக் காப்பாற்றத்தான் இந்த அறிவித்தல் வந்தது என்று நினைக்கிறேன். அதனால் அறிவித்தலின் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. சண்டை அந்த 180 என்ற எண்ணோடும், 'பயன்படுத்தப்படாத' என்ற சொல்லோடும்தான்.

நமது சேமிப்பகம் ஓடுவது செஃப் என்ற திறந்த மூல மென்பொருளில். கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் வளாகத்தில் ஸேஜ் வைல் என்பவர் தம் கலாநிதிப் பட்ட ஆய்வில் உருவாக்கியது. 2006இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. கணவாயும் பேய்க்கணவாயும் அடங்கும் தலைக்காலிகள் என்ற விலங்கினத்தின் பெயரிலிருந்து வெட்டியெடுத்த பெயர் அது. பல கைகள் தனித்தனியாக வேலை செய்யும், ஆனால் விலங்கு ஒன்றுதான். (நம் ஊரில் கணவாய் என்றால் கறிச்சட்டிதான் நினைவுக்கு வரும் என்பது வேறு விடயம்.)

நான் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அது முழுதாக ஒரு டிஸ்க்கில் போய் உட்காருவதில்லை. வழக்கமான அமைப்பில் 4 மெகாபைட் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகள், வெவ்வேறு சேர்வர்களில். எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்று ஒரு பெரிய பட்டியலை வைத்துக்கொண்டு தேடுவதுமில்லை. துண்டின் பெயரை வைத்துக் கணக்குப் போட்டால் இடம் கிடைத்துவிடும். கேட்கிறவரும் அதே கணக்கைப் போடுகிறார், வைக்கிறவரும் அதே கணக்கைப் போடுகிறார். இந்த அழகினால்தான் ஒரு டிஸ்க் செத்தாலும் நமக்குத் தெரியாமலே வேலை நடக்கிறது.

அழகுக்கு விலை உண்டு. நான் போடும் ஒரு டெராபைட் குப்பை மூன்று டெராபைட் டிஸ்க்கைத் தின்கிறது. டிஸ்க்கை விளிம்பு வரைக்கும் நிரப்பவும் முடியாது. மாற்றாமல் விட்டால், 85 சதவீதத்தில் எச்சரிக்கை வரும். 90இல் இழந்த பிரதியை அந்த டிஸ்க்கில் மீளக்கட்டுவது நிற்கும். 95இல் எழுதுவதே நிற்கும். சராசரி 95ஐத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, ஏதாவது ஒரு டிஸ்க் தொட்டாலே போதும். அந்த வியாழன் இரவு நடந்தது அதுதான். மொத்தத்தில் இடம் மிச்சமிருந்தது, ஒரு டிஸ்க்கில் இருக்கவில்லை.

இப்போது உங்கள் 180 நாளுக்கு வருகிறேன். ஒரு கோப்பு கடைசியாக எப்போது வாசிக்கப்பட்டது என்பதை நமது சேமிப்பகம் பதிந்து வைப்பதில்லை. இது என் ஊகமல்ல. சாதாரணக் கோப்பு முறைமைகளிலிருந்து தான் எங்கெங்கே வேறுபடுகிறது என்று செஃப் கையேடே சொல்லும் இடத்தில், வாசித்த நேரம் பேணப்படுவதில்லை என்பதும் ஒன்று. காரணம் எளியது: நூற்றுக்கணக்கான செயலிகள் ஒரே கோப்பை வாசிக்கும்போது ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு குறிப்பு எழுதப்போனால் வாசிப்பே நடக்காது. ஆகவே 'பயன்படுத்தப்படாத' கோப்பு எது என்று உங்களால் அளக்கவே முடியாது. இப்படியான நிரல்கள் வழக்கமாகப் பார்ப்பது கடைசியாக மாற்றப்பட்ட நாளைத்தான்.

அந்த நாளைப் பிடித்துக்கொண்டு அழித்தால் என்ன ஆகும்? மூலத் தரவை யாரும் மாற்றுவதில்லை. மாற்றக்கூடாது என்பதுதான் ஆய்வின் முதல் ஒழுக்கம். நான் தினமும் வாசிக்கிற மழைத்தரவு மூன்று வருடங்களாக மாற்றப்படவில்லை. உங்கள் நிரலின் கண்ணுக்கு அது செத்த பிணம். அதே நேரம், என் நிரல் ஒவ்வோர் ஓட்டத்திலும் கக்கிவைக்கும் பிழைப்பதிவுகள், நான் ஒருநாளும் திறந்து பார்க்காதவை, தினமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அவை பிழைத்துக்கொள்ளும்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. பிரதியெடுக்கும் கருவிகள் பலவும், நாம் கேட்டுக்கொண்டால், கோப்பின் பழைய திகதியையும் சேர்த்தே கொண்டுவரும். அதைத்தான் நாங்கள் எல்லோரும் செய்கிறோம், நல்ல பழக்கம் என்று சொல்லித்தந்ததும் அதைத்தான். பொதிந்து வைத்த கோப்பை விரிக்கும்போதும் அப்படியே. ஆகவே நேற்று மாலை ஒரு முதலாண்டு மாணவர் இறக்கிய 2015ஆம் ஆண்டுத் தரவு, சேமிப்பகத்துக்கு வந்து ஒரு நாள்கூட ஆகாமல், பத்து வருடங்களுக்கு மேலாகத் தொடப்படாதது என்று கணக்காகும். மாத இறுதி நள்ளிரவில் அது போய்விடும். அவருக்கு ஏன் என்றே விளங்காது.

விதியின் சூட்சுமம் தெரிந்தவர்களோ, தங்கள் கோப்புகள் அனைத்தின் திகதியையும் இன்றைக்கு மாற்றும் ஒற்றை வரிக் கட்டளையை மாதம் ஒருமுறை ஓடவிடுவார்கள். அறிவித்தல் வந்த இரவே இரண்டு பேர் அதை ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் கேட்காதீர்கள். தெரியாதவனின் தரவு அழியும், தெரிந்தவனின் குப்பை என்றும் பதினாறாக வாழும்.

நீக்கும் நிரலை யார் எழுதுகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்று அறிவித்தலில் இல்லை. இதை நான் குத்தலாகக் கேட்கவில்லை. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீத்திறன் கணினியில், 10 நாட்களுக்கு மேற்பட்ட பழைய பதிவுக் கோப்புகளை நீக்குவதற்கென்று இருந்த நிரல், ஆய்வாளர்களின் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல், நிரல் முழுவதையும் வாசித்துவிட்டு ஓடுவதில்லை, வாசித்துக்கொண்டே ஓடும். ஓடிக்கொண்டிருந்த நிரலின் மேலேயே புதிய பதிப்பை எழுதியபோது, பாதியில் புதிய வரிகளுக்குத் தாவியது. எந்தக் கோப்புறையை நீக்குவது என்று நிரலுக்குச் சொல்லும் இடம் வெறுமையாக இருந்தது. ஏறத்தாழ 77 டெராபைட், 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றில் நான்கு குழுக்களின் தரவைக் காப்புப் பிரதியிலிருந்தும் மீட்க முடியவில்லை. கருவியை வழங்கிய நிறுவனம் முழுப் பொறுப்பும் தங்களுடையதே என்று எழுத்தில் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதால் தரவு திரும்பி வரவில்லை. அவர்களிடம் காசும் ஆளும் நம்மைவிடப் பல மடங்கு இருந்தன.

சரி, நான் என்னதான் செய்யச் சொல்கிறேன்?

திகதியைக் கேட்காதீர்கள், ஆளைக் கேளுங்கள். ஒவ்வொரு மேல்நிலைக் கோப்புறைக்கும், இன்று மின்னஞ்சல் அனுப்பினால் பதில் எழுதக்கூடிய ஒரு மனிதர் இருக்கிறாரா? இதுதான் நமது சேமிப்பகத்தின் நோய், நிரம்புவது அதன் அறிகுறி.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு பொறுப்பான அண்ணாவிடம் கேட்டு ஒரு சிறு பட்டியல் எடுத்தேன். அதற்கு இரவு முழுவதும் இடக்கணக்குப் பார்க்கும் 'டியூ' கட்டளையை ஓடவிட்டு, கோப்புகளின் பெயர் விவரங்களைப் பேணும் மெட்டாடேட்டா சேர்வரை வதைக்கத் தேவையில்லை என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. செஃப் முறைமையில் ஒவ்வொரு கோப்புறையும் தனக்குக் கீழே எத்தனை பைட், எத்தனை கோப்பு என்று தானே கூட்டி வைத்திருக்கும். கேட்டால் நொடியில் சொல்லும். சொன்னது. முதல் பத்துக் கோப்புறைகளில் ஆறின் சொந்தக்காரர்கள் இந்த நாட்டிலேயே இல்லை.

யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது, எரிபொருள் வரிசையில் விடிந்தபோது, எங்கள் ஆய்வுகூடத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பயணப்பொதி கட்டினார்கள். மெல்பேர்ன், டொரொன்டோ, ஒஸ்லோ. பிரியாவிடைக்குக் கேக் வெட்டினோம். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள், விடுதித் திறப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். கோப்புறையை யாரும் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியிலும் இதே கதைதான். மொட்டைமாடியில் துருப்பிடித்த இரண்டு சைக்கிள், ஒரு தையல் இயந்திரம், கட்டுக்கட்டாகப் பழைய பத்திரிகை. எல்லாம் கனடாவுக்குப் போன யாரோ ஒருவருடையவை. எறியவும் மனமில்லை, கேட்கவும் ஆளில்லை. மழை நாளில் துணி காயப்போட இடம் இல்லை.

அந்த ஆறு கோப்புறைகளில் மூன்றைத் திறந்து பார்த்தேன். குழுவாகப் பகிர்ந்தவை என்பதால் எனக்கு அனுமதி இருந்தது. மூன்றிலும் ஒரே பொருள் இருந்தது: நாசாவின் அரைமணிநேர செய்மதி மழைத்தரவு, ஐமேர்க். உலகில் இணைய இணைப்புள்ள எவரும் கணக்கொன்றைத் திறந்து இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியது. மூன்று பேர் தனித்தனியாக இறக்கியிருக்கிறார்கள். சேமிப்பகம் ஒவ்வொன்றையும் மூன்று பிரதியாக வைத்திருக்கிறது. ஆக, நாளைக்கே அழிந்தாலும் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு பொருளுக்கு இந்தக் கட்டடத்துக்குள் ஒன்பது பிரதிகள். டொலர் கொடுத்து இறக்குமதி செய்த டிஸ்க்கில்.

நான் திறந்த நான்காவது கோப்புறை அந்த ஆறில் ஒன்றல்ல. மிகச் சிறியது, முதல் பத்தில் இல்லை, பட்டியலின் அடியில் கிடந்தது. எனக்கு மூத்த மாணவியாக இருந்த ஓர் அக்காவினுடையது. அவர் இரண்டு வருடம் மதிய உணவு நேரங்களில் உட்கார்ந்து, பழைய மழைமானி, ஆற்றுமட்டப் பதிவேடுகளைக் கையால் தட்டச்சு செய்தவர். மூலப் பதிவேடுகளில் சில செல்லரித்துவிட்டன. ஒரு விரிதாளுக்கு எத்தனை கிலோபைட் வந்துவிடப்போகிறது? மொத்தமும் ஒரு கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிடும். உலகில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கடைசியாக மாற்றப்பட்டது அவர் விமானம் ஏறிய வாரம். உங்கள் விதிப்படி அழிய வேண்டிய முதல் கோப்புறை அதுதான்.

அதைத் திறந்தபோது எனக்கே உதறியது. விரிதாளில் திகதி, நிலையம், மட்டம் என்று மூன்று பத்திகள். 'மட்டம்' என்றால் எதில்? களனியின் மேற்புற நிலையங்கள், ஹங்வெல்லை போன்றவை, மீற்றரில் அளக்கப்படுகின்றன. கொழும்புக்குள் நாகலகம் வீதி அளவுகோல் மட்டும் இன்றைக்கும் அடியில்தான் அறிவிக்கப்படுகிறது. செய்தி கேட்கிறவர்களுக்கு இது தெரியும். ஏழு அடியைத் தொட்டால் கொலன்னாவையில் சாமான்களை மேலே ஏற்றத் தொடங்குவார்கள். ஆனால் விரிதாளில் வெறும் 7 என்று இருந்தால்? அடியா, அவரே மீற்றருக்கு மாற்றினாரா, மாற்றியிருந்தால் எந்த ஆண்டிலிருந்து? ஒரு வரிக் குறிப்பு இல்லை. மூன்று பிரதி எடுத்து வைத்தாலும், முப்பது எடுத்தாலும், சேமிப்பகத்துக்கு இது தெரியாது. 7 என்ற எண்ணை அது பத்திரமாகக் காக்கும். அதன் அர்த்தம் மெல்பேர்னில் இருக்கிறது.

இங்கே நானும் குற்றவாளிக்கூண்டில் ஏறிவிடுகிறேன். என்னுடைய கோப்புறை பைட் கணக்கில் அடக்கமானது. கோப்பு எண்ணிக்கையில் நான் பெரும் கொள்ளைக்காரி. அரைமணிக்கு ஒரு கோப்பு என்றால் நாளைக்கு 48, வருடத்துக்கு 17,520. பத்து வருடத்தை எங்கள் ஆற்றுப்படுகைக்கு மட்டும் வெட்டி, அத்தனை குட்டிக் கோப்புகளாக வைத்திருந்தேன். அதற்கு மேல் பைத்தன் நிரல்மொழிக்கான சூழல்கள் நான்கு. ஒவ்வொன்றும் பல்லாயிரம் சிறு கோப்புகள். டிஸ்க்குக்கு இது ஒரு பாரமே இல்லை. ஆனால் ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு அனுமதியையும் மெட்டாடேட்டா சேர்வர்தான் தூக்க வேண்டும். காலை பத்து மணிக்கு யாரோ கோப்புறையைப் பட்டியலிட்டால் திரை உறைந்து நிற்கிறதே, அதற்கு என்னைப்போன்றவர்களும் காரணம். சென்ற வாரம் நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு வடிவத்தில் வருடத்துக்கு ஒரு கோப்பாகப் பொதிந்துவிட்டேன். ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கோப்புகள் பத்தாகின. என் நிரலும் முன்பைவிட வேகமாக ஓடுகிறது. யாராவது என் கையைப் பிடித்து முறுக்கியிருந்தால் இதை இரண்டு வருடத்துக்கு முன்பே செய்திருப்பேன். முறுக்கும் கருவி செஃப்புக்குள்ளேயே இருக்கிறது. கோப்புறைக்குப் பைட் எல்லை வைப்பதுபோலவே கோப்பு எண்ணிக்கைக்கும் எல்லை வைக்கலாம். நீங்கள் பைட் எல்லைகூட இன்னும் எல்லோருக்கும் வைக்கவில்லை என்று கேள்விப்படுகிறேன். அந்த எல்லை துல்லியமாக வேலை செய்யாது, கொஞ்சம் மீறிய பிறகே தடுக்கும் என்பது தெரியும். நள்ளிரவில் வந்து எல்லாவற்றையும் கூட்டித் தள்ளும் நிரலைவிட அது கண்ணியமானது.

இனி என் கோரிக்கை. மாத இறுதி நீக்கத்தை நிறுத்திவையுங்கள். அதற்குப் பதிலாக அந்தப் பட்டியலை, பைட் கணக்கோடும் கோப்புக் கணக்கோடும், பீடத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். வெட்கம் நல்ல வேலை செய்யும். வெளிநாடு போனவர்களின் கோப்புறை ஒவ்வொன்றும் அவர்களின் மேற்பார்வையாளரான பேராசிரியரின் பெயருக்கு மாறட்டும். மாணவர் போனாலும் ஆய்வு பேராசிரியருடையதும்தானே? பொதுவில் கிடைக்கும் தரவுகளுக்கு, எழுத முடியாத, வாசிக்க மட்டும் முடிகிற ஒரு பொதுக் கோப்புறை திறந்து ஒரே ஒருமுறை இறக்கி வைத்தால், ஒன்பது பிரதி மூன்றாகும். மாத இறுதிக்குள் உங்களுக்கு வேண்டிய இடம் அதிலேயே கணிசமாகக் கிடைக்கும் என்பது என் நம்பிக்கை. அப்படியும் யாருடையதென்று தெரியாத கோப்புறை மிஞ்சினால் அதை அழிக்காதீர்கள், பூட்டுங்கள். அனுமதியை எடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருங்கள். யார் கத்திக்கொண்டு வருகிறார்களோ அவர்தான் சொந்தக்காரர். எவரும் வராவிட்டாலும், மேற்பார்வையாளர் ஒருவர் திறந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கை வையுங்கள்.

இந்த ஆளில்லாக் கோப்புறைகள் மறுபடி சேராமல் இருக்கவும் ஒரு வழி உண்டு, செலவில்லாதது. பட்டச் சான்றிதழ் வாங்கப் போகும்போது கையளிப்புப் படிவம் ஒன்றில் நூலகம், விடுதி, ஆய்வுகூடம், விளையாட்டுப் பிரிவு என்று ஊர்வலமாகப் போய் ஒப்பம் வாங்குகிறோம். 'கடன் எதுவும் இல்லை' என்று ஒவ்வொருவரும் எழுதித்தர வேண்டும். நான் இளமாணிப் பட்டம் முடித்தபோது தொலைத்த ஒரு பூட்டுக்காக இரண்டு நாள் அலைந்தேன். அந்தப் படிவத்தில் கிளஸ்டருக்கு ஒரு வரி சேருங்கள். கோப்புறையில் என்ன இருக்கிறது, எந்த அலகில் இருக்கிறது, இனி யார் பொறுப்பு என்று அரைப் பக்கம் எழுதிவைக்காதவருக்கு ஒப்பம் கிடையாது. ஒரு பூட்டுக்குக் காட்டும் கண்டிப்பை இரண்டு வருட உழைப்புக்கும் காட்டலாம்.

இன்னொன்று, மாணவர்கள் பலர் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தவறு. 'மூன்று பிரதி இருக்கிறதே, பிறகென்ன காப்புப் பிரதி' என்கிறார்கள். மூன்று பிரதி டிஸ்க் சாவதற்கு எதிரான காப்பு. நான் தவறாக அழித்தால் மூன்றும் ஒன்றாக, மிகுந்த ஒழுங்கோடு அழியும். பிரதிகளை வெவ்வேறு சேர்வரில் வை, வெவ்வேறு அடுக்கில் வை, வெவ்வேறு அறையில் வை என்று செஃப்பிடம் சொல்லலாம்தான். நமக்கு இருப்பது ஒரே அறை. ஒரே குளிரூட்டி, ஒரே ஜெனரேட்டர். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டு நாடே இருண்டதே, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்க்க யார் வந்தார் என்று கேட்டுப்பாருங்கள். 2016 மே மாத வெள்ளத்தில் களனிக்கரை எப்படி இருந்தது என்பதும் கொழும்பில் இருக்கிறவர்களுக்கு மறந்திருக்காது. நமது அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. வெள்ளத்தை மாதிரி செய்கிறவளாக இதைச் சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு.

முழுச் சேமிப்பகத்தையும் வெளியே நகலெடுக்கக் காசில்லை, தெரியும். தேவையுமில்லை. மறுபடி பெற முடியாதவற்றை மட்டும், அந்த அக்காவின் விரிதாள்கள் போன்றவற்றை, வேறு ஊரில் உள்ள ஒரு வளாகத்துக்கு அனுப்பினால் போதும். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு இருக்கவே இருக்கிறது. பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மூலையில் ஒரு டிஸ்க் கேட்பது பெரிய காரியமல்ல, பதிலுக்கு அவர்களுடையதை நாம் வைத்துக்கொள்ளலாம். 2023 ஆகஸ்டில் அரச முகில் சேவை தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை. அந்த நாட்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அப்போது எல்லோரும் சிரித்தோம். நம்மிடம் எந்த நாட்களுக்குக் காப்புப் பிரதி இருக்கிறது?

தமிழில் எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன், அந்த மொழி விடயத்துக்கும் வருகிறேன். அறிவித்தல் ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. பேராசிரியர்களுக்கு அது போதும். ஆனால் கிளஸ்டரில் தரவை ஏற்றுவதும் நகர்த்துவதும் பெரும்பாலும் தற்காலிக ஆய்வு உதவியாளர்கள். வவுனியாவிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வந்து ஆறு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறவர்கள். 'தானாகவே அழிக்கப்படும்' என்பதை அவர்களில் ஒரு தம்பி, தற்காலிகக் கோப்புகள் மட்டும் அழியும் என்று விளங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தான். மூன்று வரிதானே, மூன்று மொழியிலும் எழுதினால் ஒன்பது வரி.

அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் கூட்டம் என்று அறிகிறேன். பட்டியலை அச்சிட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். உள்ளே கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் பேசி முடித்துவிடுவேன். கூப்பிடாவிட்டால் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டுப் போவேன்.

மட்டம் எந்த அலகில் என்று அந்த அக்காவைக் கேட்டிருந்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. அங்கே நடுச்சாமம். "எல்லாமே அடி. மீற்றருக்கு நான் மாற்றவே இல்லை, மாற்ற நினைத்தேன், விசா வந்துவிட்டது. ஹங்வெல்லைத் தாளை மட்டும் நம்பாதே, அதில் இரண்டு பதிவேடு கலந்திருக்கிறது, பச்சை நிறம் போட்டிருப்பதுதான் மீற்றர்." பச்சை நிறம் இருந்த பழைய பிரதி அவருடைய மடிக்கணினியில் இருந்தது, அனுப்பியிருக்கிறார். நம் சேமிப்பகத்தில் இருந்தது நிறமில்லாமல் வெறும் எழுத்தாக ஏற்றுமதியான பிரதி.

கோப்புறைக்குள் இப்போது இரண்டும் இருக்கின்றன, கூடவே பதினொரு வரியில் ஒரு குறிப்பும். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். உங்கள் பதிவேட்டிலும் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் பெயர் உங்களுக்குத் தெரியும்: சென்ற வாரம் வரை கோப்பு எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
நீரியல் ஆய்வுக் குழுவின் முதுதத்துவமாணி மாணவி ஒருத்தி
கொழும்பு